காத்திருப்பைக் கணக்கெடுத்தல்

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டுப் பழைய மாணவிகள் சங்கம் எமது பாடசாலை மண்டபத்தில் நடத்திய உரைத்தொடரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரைக்கு என்னை அழைத்தபோது செயலாளர் அக்கா, "நீரிழிவைப் பற்றிப் பேசுங்கோவன்" என்றார். வைத்தியர் ஒருவரை மேடைக்குக் கூப்பிட்டால் நீரிழிவு, இல்லாவிட்டால் இரத்த அழுத்தம். அது எங்கள் ஊர் வழக்கம். நான், "இல்லை அக்கா, போன வருடம் நான் எடுத்த ஒரு பரீட்சையைப் பற்றிப் பேசுகிறேன்" என்றேன். பரீட்சையின் பெயரைச் சொன்னதும் தொலைபேசியின் மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அது சொப்ட்வெயார் ஆக்களின்ரை அல்லோ?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. அஜைல் முறையில் பெறுமதி ஓட்டத்தை மேம்படுத்துவதற்கான தொழில்சார் சான்றிதழ் என்று அதற்குப் பெயர். மென்பொருள் நிறுவனங்களில் வேலை செய்பவர்களே பெரும்பாலும் அதை எடுக்கிறார்கள். நாற்பதைத் தாண்டிய பொது வைத்திய நிபுணர் ஒருத்திக்கு அங்கே என்ன வேலை என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. கதையாகத்தான் சொல்ல வேண்டும்.

மூன்று வருடங்களுக்கு முன்னர் ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய் எங்கள் நீரிழிவுச் சிகிச்சை நாள். நூற்றைம்பது பேர் வரையில் வருவார்கள். நான் விடுதி நோயாளரைப் பார்த்து முடித்துவிட்டுப் பத்து மணியளவில்தான் சிகிச்சைப் பிரிவுக்குப் போவேன். அன்று ஒன்பதே முக்காலுக்கே மிஸி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். விறாந்தையில் வாங்கிலிருந்து ஓர் அம்மா சரிந்து விழுந்துவிட்டார். உடம்பெல்லாம் வியர்வை, பேச்சுக் குழறுகிறது. விரலில் குத்திப் பார்த்தால் சீனி நன்றாக இறங்கிவிட்டது. குளுக்கோஸ் ஏற்றினோம். பத்து நிமிடத்தில் கண் திறந்து என்னைப் பார்த்தார். அப்போதுதான் நானும் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தேன். எனக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து கணிதம் படிப்பித்த ரீச்சர்.

வழமைபோல் காலை இன்சுலினைப் போட்டுவிட்டார். இரத்தம் எடுக்க வேண்டும் என்பதால் சாப்பிடவில்லை. விடிய நாலரைக்கு வெளிக்கிட்டு, முதல் பஸ்ஸில் வந்து, ஐந்தரைக்கு இலக்கத் துண்டு எடுத்து, நாலு மணித்தியாலத்துக்கு மேல் அந்த வாங்கில் இருந்திருக்கிறார்.

"ஏன் ரீச்சர், என்ரை ரீச்சர் எண்டு மிஸியிட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். "வரிசை எண்டால் வரிசைதானே பிள்ளை. நீர் டொக்டராய் வந்திட்டீர் எண்டதுக்காக நான் முன்னுக்கு வரலாமே? எனக்குப் பின்னாலையும் சீனி வருத்தக்காரர்தானே இருக்கினம்" என்றார்.

ரீச்சர் அன்று பின்னேரமே வீட்டுக்குப் போய்விட்டார், ஒன்றுமில்லை. எனக்குத்தான் அன்றிரவு நித்திரை வரவில்லை. அவரைத் தெரிந்ததால்தான் நித்திரை வரவில்லை என்பதும் சேர்ந்து உறுத்தியது. அதற்கு முன்னரும் அந்த விறாந்தையில் ஆட்கள் மயங்கி விழுந்திருக்கிறார்கள். நாங்கள் குளுக்கோஸ் கொடுத்திருக்கிறோம், "மருந்தைப் போட்டிட்டு ஏன் சாப்பிடாமல் வந்தனீங்கள்?" என்று ஏசியும் இருக்கிறோம்.

அந்தக் காலத்தில் எங்கள் வைத்தியசாலையில் நோயாளர் பதிவுகளைக் கணினிமயப்படுத்தும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கணினி வந்தால் வரிசை குறைந்துவிடும் என்று நானும் நம்பினேன். அதற்கான கூட்டத்துக்கு மென்பொருள் பொறியியலாளர் ஒருவர் வந்திருந்தார். கதைத்துப் பார்த்தால் எங்கள் பாடசாலை, என்னைவிடப் பதினான்கு வருடம் இளையவர். கூட்டம் முடிந்ததும், "அக்கா, நான் ஒண்டு சொன்னால் கோவிக்கக் கூடாது. கணினி போட்டால் வரிசை குறையாது. வரிசை கணினிக்கு முன்னாலை வந்து நிக்கும். முதலிலை ஓட்டத்தைப் பாருங்கோ" என்றார். அந்தத் தங்கையிடமிருந்துதான் பெறுமதி ஓட்டம் என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டேன். அவர் அந்தப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு இணையவழியில் சேர்ந்து படிப்போமா என்று கேட்டார். அக்கா தங்கைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததை இந்தப் பாடசாலை விடுதியில் நிறையப் பார்த்திருக்கிறேன். இது எதிர்ப்பக்கமாக நடந்தது.

பெறுமதி ஓட்டம் என்றால் என்ன? தோட்டத்தில் தண்ணீர் மாறிய அனுபவம் உள்ளவர்களுக்கு உடனே விளங்கும். கிணற்றடியில் மெசின் முழு வேகத்தில் ஓடும். ஆனால் வாய்க்கால் எங்கேயோ உடைந்திருந்தால் கடைசிப் பாத்தி வெங்காயம் வாடிப்போகும். மெசினைப் பார்த்து, "நல்லாய் இறைக்குது" என்று திருப்திப்படுவதில் பயனில்லை. கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் எப்போது போய்ச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். அதுபோல, ஒருவருக்கு ஒரு தேவை எழுந்த நேரத்திலிருந்து அது நிறைவேறும் நேரம் வரைக்கும் நடக்கிற வேலைகள் எல்லாவற்றையும், வேலை நடக்காமல் சும்மா கிடக்கும் நேரத்தையும் சேர்த்து, ஒரே ஓட்டமாகப் பார்ப்பதுதான் இது.

இதன் வேர் ஜப்பானில் இருக்கிறது. சகிச்சி ரொயோடா என்பவர் நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும் நெசவு இயந்திரத்தை 1924 இல் நிறைவுசெய்தார். பிழை நேர்ந்த இடத்திலேயே நிறுத்து, பிழையோடு அடுத்த அங்குலம் நெய்யாதே என்பது அதன் தத்துவம். அவருடைய குடும்பம் தொடங்கிய கார்த் தொழிற்சாலையில், இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், தாயிச்சி ஓனோ என்ற பொறியியலாளர் வீண்செலவுகளை ஏழாக வகுத்தார். காத்திருப்பு அவற்றில் ஒன்று. தேவைக்கு மேல் செய்து குவிப்பது இன்னொன்று. அந்தத் தொழிற்சாலை முறையை மேற்கு நாட்டவர் ஆராய்ந்து லீன் என்று பெயர் வைத்தார்கள். ஓட்டத்தை ஒரே தாளில் வரைபடமாக வரையும் வழியை மைக் றொதர், ஜோன் ஷூக் என்ற இருவர் 1990களின் இறுதியில் ஒரு சிறு கைநூலாகக் கொண்டுவந்தார்கள். அஜைல் என்பது வேறு வழியாக வந்தது. 2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூற்றா மாநிலத்தில் பதினேழு மென்பொருள்காரர் கூடி, பெரிய திட்டம் போட்டு வருடக்கணக்கில் காத்திருப்பதைவிடச் சிறிது சிறிதாகச் செய்து, பாவிப்பவரிடம் காட்டி, திருத்திக்கொண்டே போவது மேல் என்று எழுதி வைத்தார்கள். இந்த இரண்டு ஆறுகளும் சேரும் இடத்தில்தான் நான் எடுத்த பரீட்சை இருக்கிறது.

இது வைத்தியசாலைக்குப் பொருந்துமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. சியாட்டில் நகரத்து வேர்ஜினியா மேசன் வைத்தியசாலையினர் 2002 இல் ஜப்பானுக்குப் போய்க் கார்த் தொழிற்சாலையில் படித்துவந்ததை எல்லா நூல்களும் சொல்லும். அதற்கும் இரண்டு வருடம் முந்தி, 2000 ஆம் ஆண்டிலேயே, கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை ஜப்பானிய ஐந்து எஸ் முறையைத் தொடங்கிவிட்டது. பின்னர் ஜப்பானிய உதவி நிறுவனமான ஜைக்கா, ஆபிரிக்க நாட்டு வைத்தியசாலை அதிகாரிகளை அந்த முறையைப் பார்த்துப் படிப்பதற்காக இலங்கைக்கே கூட்டிவந்தது. தன்சானியாவில் அதை எடுத்து நடத்துகிறார்கள். எங்கள் நாட்டில் ஒரு பிரசவ வைத்தியசாலை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த விடயம் எனக்குத் தெரியாமல் இருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது.

படிப்புக்கு வருகிறேன். நான் கடைசியாகப் பரீட்சை மண்டபத்தில் இருந்து பன்னிரண்டு வருடமாகியிருந்தது. எங்கள் தொகுதிப் பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள். மின்சாரம் இல்லாமல், மண்ணெண்ணெயை அளந்து ஊற்றி, 1995 இடப்பெயர்வில் கொப்பிகளைத் தொலைத்து, மற்றப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்தெழுதிப் படித்தவர்கள். அதனால் எந்தப் பரீட்சையும் கஷ்டமில்லை என்ற ஒரு தலைக்கனம் எங்களிடம் உண்டு. முதல் மாதிரிப் பரீட்சையில் பாதிக்கும் குறைவான புள்ளி எடுத்தேன். இரண்டாவதிலும் அப்படியே.

தங்கை என் விடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அக்கா, எல்லாக் கேள்விக்கும் டொக்டராய் விடை எழுதியிருக்கிறியள்." உண்மைதான். வேலை தாமதமாகிறது, முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், பொறுப்பானவரைக் கூப்பிட்டு விசாரிப்பேன் என்ற விடையில் போய் என் கை நிற்கும். ஆள் போதாது என்றால் ஆள் கேட்பேன். அவசரம் என்றால் அதை முன்னுக்கு எடுப்பேன். நோயாளி ஒருவர் முன்னால் இருக்கும்போது இவை சரியாக இருக்கலாம். ஓட்டத்தைத் திருத்தும்போது இவை மூன்றுமே பெரும்பாலும் பிழை. யார் பிழை விட்டார் என்பதற்கு முன்னர் வேலை எங்கே தேங்குகிறது என்று பார்க்க வேண்டும். அந்த வேலையை நாளாந்தம் செய்பவரிடம் கேட்க வேண்டும். ஒன்றை அவசரமாக முன்னுக்கு எடுக்கும் ஒவ்வொரு முறையும் மற்ற எல்லாமே பின்னுக்குப் போகின்றன. எங்கள் சிகிச்சைப் பிரிவில் வைத்தியசாலை ஊழியரின் உறவினர், தெரிந்தவர், நண்பரின் தாய் என்று நாளொன்றுக்குப் பத்துப் பேராவது முன்னால் போவார்கள். அவர்களை அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. எனக்குத் தெரிந்த எத்தனையோ பேரை முன்னுக்கு எடுத்து, எனக்குக் கணிதம் படிப்பித்தவரைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறேன்.

மனப்பாடத்தை நிறுத்தச் சொன்னார் தங்கை. "ஒரு நோயாளியின்ரை பின்னாலை போங்கோ" என்றார். விடுமுறை எடுத்துக்கொண்டு, சேலையோடு சாதாரண ஆளாய், ஓர் ஐயாவின் சம்மதத்தோடு காலை ஐந்தரை மணியிலிருந்து அவருடன் இருந்தேன். கையில் ஒரு சாதாரணக் கொப்பி, மணிக்கூடு. பதிவு செய்ய இரண்டு நிமிடம். நிறையும் அழுத்தமும் பார்க்க நாலு நிமிடம். இரத்தம் எடுக்க மூன்று. வைத்தியர் பார்த்தது ஆறு. மருந்து கொடுத்தது ஐந்து. கூட்டினால் இருபது நிமிடம். ஐயா வைத்தியசாலைப் படலையைத் தாண்டி வெளியே போனபோது நேரம் பன்னிரண்டே முக்கால். ஏழேகால் மணித்தியாலம், 435 நிமிடம். யாராவது ஒருவர் அவருக்காக எதையாவது செய்த நேரம் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை.

இதுவரைக்கும் நாங்கள் எல்லோரும் அந்த இருபது நிமிடத்தைத் திருத்தத்தான் பாடுபட்டிருந்தோம். புதிய அழுத்தமானி வாங்கினோம். பதிவு மேசையில் இன்னொருவரை இருத்தக் கேட்டோம். மற்ற 415 நிமிடத்தை யாரும் தங்களுடையது என்று நினைக்கவில்லை. அது விறாந்தைக்குச் சொந்தமான நேரம்.

வரைபடத்தை வரைந்து தேக்கங்களைக் குறித்தபோது இரண்டு இடங்கள் பெரிதாகத் தெரிந்தன. ஒன்று, எல்லோரிடமும் இரத்தம் எடுத்து முடியும் வரை காத்திருந்து, ஒன்பது மணிக்கு ஒரேயடியாக ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோவது. ஆறரைக்கு இரத்தம் கொடுத்தவரின் குழாயும் ஒன்பது மணிக்குத்தான் நடக்கத் தொடங்கும். ஆய்வுகூடமும் ஒன்பது மணிவரை சும்மா இருந்து, பிறகு மூச்சுமுட்டும். இரண்டாவது தேக்கம் நான். பத்து மணிக்குத்தான் வருகிற வைத்திய நிபுணர். அதை அந்தத் தாளில் சிவப்புப் பேனையால் குறித்தபோது கை கொஞ்சம் தயங்கியது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

இனி இரண்டு கணக்குகள். கணிதம் வேண்டாம் என்று உயிரியல் பிரிவுக்கு ஓடியவர்கள் பயப்பட வேண்டாம். முதலாவது, ஜோன் லிற்றில் என்பவர் 1961 இல் நிறுவியது. வரிசையில் 120 பேர் இருக்கிறார்கள், மணித்தியாலத்துக்கு 30 பேர் முடிகிறார்கள் என்றால் காத்திருப்பு நாலு மணித்தியாலம். யாரைக் கேட்கவும் தேவையில்லை, ஆட்களை எண்ணினால் போதும். வரிசையைச் சின்னதாக்காமல் காத்திருப்பைக் குறைக்க வேண்டுமென்றால் வேகமாய் முடிக்க வேண்டும், வேறு வழியில்லை.

இரண்டாவது கணக்குத்தான் என்னை உலுக்கியது. ஒருவர் சேவை செய்கிறார், ஆட்கள் நினைத்த நேரத்துக்கு வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் எடுக்கிற நேரமும் கூடிக் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் தன் நேரத்தில் 80 வீதம் வேலையாக இருந்தால், வருபவர் சராசரியாக ஓர் ஆளுக்கான சேவை நேரத்தைப்போல் 4 மடங்கு காத்திருப்பார். 90 வீதம் என்றால் 9 மடங்கு. 95 வீதம் என்றால் 19 மடங்கு. "ஒரு நிமிடமும் ஓய்வில்லை" என்று நாங்கள் பெருமையாகச் சொல்லும் ஒவ்வொரு முறையும் வெளியே வரிசை எப்படி நீள்கிறது என்று பாருங்கள். வெறுமையாக ஒரு மருந்தாளர் அரை மணி நேரம் இருந்தால் சோம்பேறி என்று நினைக்கும் பழக்கம் எங்களுக்கு உண்டு. அந்த அரை மணி நேரந்தான் வரிசையைக் கட்டுப்படுத்துகிறது.

வரிசையைப் பற்றி எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை என்றும் சிலர் சொல்லலாம். சங்கக்கடை வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, பாண் வரிசை. பிறகு 2022 இல் முழு நாடும் பெற்றோலுக்கு நின்றது. அந்த வருடம் யூலையில் கியூ.ஆர். அட்டையும், வாகன இலக்கத்தின் கடைசி எண்ணுக்கு ஒரு நாள் என்ற ஒழுங்கும், வாரத்துக்கு இவ்வளவு என்ற அளவும் வந்த பிறகு வரிசை மளமளவென்று குறைந்ததை நீங்கள் எல்லோரும் கண்டீர்கள். எண்ணெய் அடிக்க எடுத்த நிமிடங்கள் முன்னரும் பின்னரும் ஒன்றுதான். எல்லோரும் ஒரே நாளில் வந்து நிற்கும் தேவை இல்லாமல் போனது.

அந்த உதாரணத்தை வைத்து நானும் நேரம் பிரித்துக் கொடுத்தேன். பாதிப் பேருக்கு ஏழு மணி, மிச்சப் பேருக்கு ஒன்பதரை. அழகான திட்டம். முதல் செவ்வாய் எல்லோரும் ஐந்தரைக்கே வந்து நின்றார்கள். கேட்டால், "முதல் பஸ்ஸை விட்டால் ஒன்பது மணிக்குத்தான் மற்றது டொக்டர்" என்றார் ஓர் அம்மா. பஸ் நேரம் எனக்குத் தெரியாது. நான் காரில் வருபவள். இரண்டாவது வாரம் பஸ் வரும் ஊர்களின்படி நேரத்தை மாற்றினோம். மூன்றாவது வாரத்தில்தான் கொஞ்சம் பிடிபட்டது. சிறிதாய்ச் செய்து பார், பிழைத்தால் ஒரு கிழமைதான் வீண் என்று அஜைல்காரர் சொல்வதன் பயன் அப்போது தெரிந்தது. வழமைபோல் சுற்றறிக்கை அடித்து ஆறு மாதத்துக்கு நடைமுறைப்படுத்தியிருந்தால், பஸ் நேரத்தைக் கண்டுபிடிக்க ஆறு மாதம் சென்றிருக்கும்.

இரத்தக் குழாய்களை அரை மணிக்கு ஒரு தடவை பத்துப் பதினைந்தாகக் கொண்டுபோகச் சிற்றூழியர் ஒருவர் ஒத்துக்கொண்டார். நானும் செவ்வாய்களில் எட்டு மணிக்கே சிகிச்சைப் பிரிவுக்கு வந்து, விடுதி நோயாளரில் அவசரமானவர்களைத் தவிர மற்றவர்களைப் பின்னர் பார்க்கத் தொடங்கினேன். இரத்தம் கொடுத்தவுடன் சாப்பிட அனுமதித்தோம். சாப்பிடாமல் வருபவர் காலை இன்சுலினை வீட்டில் போடாமல் கையோடு கொண்டுவந்து, இரத்தம் கொடுத்த பின் சாப்பாட்டோடு போடவேண்டும் என்று ஒவ்வொருவரின் கொப்பியிலும் பெரிய எழுத்தில் எழுதினோம். எல்லாம் வேகமாக நடந்தது. பதினொரு மணிக்கு மருந்தகத்துக்கு முன்னால் நூறு பேர் நின்றார்கள். தேக்கத்தை நாங்கள் அழிக்கவில்லை, மருந்தாளரின் தலையில் தூக்கி வைத்திருந்தோம். அவர் கோபப்பட்டார், அவர் கோபம் நியாயம். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். எல்லோருக்கும் பொதுவாகப் போகும் மெற்போமின் குளிசையை ஒரு மாத அளவுக்குத் திங்கட்கிழமை பின்னேரமே பொதிகட்டி வைக்கலாம் என்றார். எந்தப் புத்தகத்திலும் அது இருக்கவில்லை. பதினேழு வருடம் அந்த யன்னலுக்குப் பின்னால் நின்றவருக்குத் தெரிந்திருந்தது. யாரும் அதுவரை அவரைக் கேட்கவில்லை.

இப்போது ஏழு மணித்தியாலம் ஏறத்தாழ நாலாகியிருக்கிறது. நாலும் கூடத்தான். ஆய்வுகூடத்தில் இரசாயனம் முடிந்துவிட்டால் அந்தக் கிழமை பழையபடி. சிற்றூழியர் இடமாற்றமாகிப் போனபோது இரண்டு மாதம் குழாய்கள் மறுபடியும் ஒன்பது மணிக்கே போயின. எனக்கும் இடமாற்றம் வரும். அதற்குப் பிறகு என்னவாகும் என்று எனக்குத் தெரியாது. விறாந்தையில் மயங்கி விழுவது இல்லாமல் போயிருக்கிறது என்பதை மட்டும் கொப்பியைப் பார்த்துச் சொல்ல முடியும்.

மூன்றாவது மாதிரிப் பரீட்சையில் புள்ளி தானாகக் கூடியது. கேள்வியை வாசிக்கும்போது அந்த விறாந்தையும் மருந்தாளரின் கோபமும் கண்ணுக்கு முன் வந்தன. உண்மையான பரீட்சையில் சித்தியடைந்தேன். தங்கை என்னைவிட நல்ல புள்ளி.

எடுக்க விரும்பும் பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு விடயம். இப்படியான சான்றிதழ்களை வழங்கும் அமைப்புகள் பல இருக்கின்றன. 1969 இல் அமெரிக்காவில் தொடங்கிய திட்ட முகாமைத்துவ நிறுவகம் போன்றவை பெரியவை. சான்றிதழ் கொடுப்பது இப்போது ஒரு வியாபாரமும்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. கட்டணம் டொலரில். சம்பளம் ரூபாயில் எடுப்பவர்கள் பணத்தைக் கட்டும் முன்னர் அந்த அமைப்பின் விதிகளை முழுதாக வாசியுங்கள். முன்தகைமை வேண்டுமா, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்கும் கட்டணமா என்று பாருங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து உதவும் என்றால் எடுங்கள். எழுத்துத் தேவையில்லாதவர்கள் பணம் கட்டாமலே பாதியைப் படிக்கலாம். உங்கள் அலுவலகத்தில் ஒரு கோவை மேசைக்கு மேசை போவதைப் பின்தொடர்ந்து, எங்கே எவ்வளவு நேரம் கிடந்தது என்று எழுதிப் பாருங்கள். ஆட்களைப் பின்தொடராதீர்கள், கோவையைப் பின்தொடருங்கள். ஆளைப் பின்தொடர்ந்தால் உளவு பார்க்கிறீர்கள் என்று நினைப்பார்கள். நான் முதல் தடவை அந்தப் பிழையை விட்டு, மிஸிமாரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது, செயலாளர் அக்காவின் அனுமதியோடு, நாங்கள் வீட்டு விடயத்துக்கு வருகிறேன். பயிற்சிக்காக நான் வரைந்த கடைசி வரைபடம் எங்கள் சங்கத்தின் மாணவர் உதவித் திட்டத்தினுடையது. கடந்த ஒரு விண்ணப்பத்தை எடுத்தேன். உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளைக்குத் துவிச்சக்கரவண்டி வேண்டும் என்று வகுப்பாசிரியை தை மாத நடுப்பகுதியில் எழுதியிருக்கிறார். கடிதம் அதிபருக்கு, அதிபரிடமிருந்து உதவிக் குழுவுக்கு, குழுவின் மாதாந்தக் கூட்டத்துக்கு, அங்கிருந்து வெளிநாட்டுக் கிளைக்கு, கிளைக் கூட்டத்துக்கு, பணம் வங்கிக்கு, வங்கியிலிருந்து இரண்டு கையொப்பத்துக்கு. ஒவ்வொருவரும் அதில் செலவிட்ட நேரத்தைக் கேட்டுக் கூட்டினேன். எல்லாமாக ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. யாரும் அலட்சியமாக இருக்கவில்லை, எல்லோரும் கடிதம் வந்த அன்றோ மறுநாளோ தங்கள் பங்கைச் செய்திருக்கிறார்கள். துவிச்சக்கரவண்டி சித்திரை விடுமுறையில் வந்தது. வகுப்பு இடாப்பின்படி இடைப்பட்ட காலத்தில் அந்தப் பிள்ளை 31 நாள் பாடசாலைக்கு வரவில்லை.

வாங்கில் இருந்து காத்திருப்பவர் நேரம் யாருடைய கணக்கிலும் வருவதில்லை என்றேன். இதுவும் அதுதான். பணம் தருபவர்கள் கணக்கைச் சரியாகக் கேட்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். கையொப்பங்கள் அதற்காகத்தான் வைக்கப்பட்டன. அவற்றை எடுத்துவிடச் சொல்லவில்லை. ஒரு தவணைக்கு மட்டும் ஒரு பரீட்சார்த்தம் செய்து பார்ப்போம். ஒரு துவிச்சக்கரவண்டியின் விலைக்கு மேற்படாத உதவிகளுக்கு, அதிபரும் உள்ளூர்ப் பொருளாளரும் சேர்ந்து உடனே கொடுக்கலாம். அதற்கென்று ஒரு சிறு தொகையை இங்கேயே வைத்திருப்போம். கொடுத்த பிறகு பற்றுச்சீட்டோடு கிளைகளுக்கு அறிவிப்போம். கிளைகள் அதைப் பார்த்துவிட்டுத் தொகையை மறுபடி நிரப்பட்டும். விண்ணப்பம் வந்த திகதியையும் உதவி பிள்ளையின் கையில் சேர்ந்த திகதியையும் மட்டும் ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். தவணை முடிய அந்தக் கொப்பியைப் பார்த்து, சரிவரவில்லை என்றால் பழைய முறைக்கே போய்விடலாம். பிழை வந்தால் ஒரு தவணையோடு போகும்.

முதல் தொகைக்கு நானும் என் வகுப்புத் தோழியர் நால்வரும் பொறுப்பெடுத்திருக்கிறோம். கொப்பியை எழுதி வைக்க ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சம்மதித்திருக்கிறார். கணக்கில் ஒரு சதமும் பிழைக்காது என்று உங்களில் பாதிப் பேருக்கு உடனே விளங்கும், அவரிடம் படித்தவர்கள்தானே நீங்கள். அன்று விறாந்தையில் விழுந்த அதே ரீச்சர். முன்வரிசையில்தான் இருக்கிறார். மூன்றாவது கதிரை. அவர் கேட்ட ஒரே நிபந்தனை, வண்டியின் விலை கூடினால் வரம்பையும் கூட்டித் தரவேண்டும் என்பது.

வரைபடம் வரையப் பழக விரும்புபவர்கள் ஞாயிறு இரவு எட்டு மணிக்கு, இலங்கை நேரப்படி, எங்களோடு இணையலாம். லண்டனில் அது மதியச் சாப்பாடு முடிந்த நேரம், ரொறொன்ரோவில் காலை, மெல்பேணில் நடுநிசி தாண்டிவிடும் என்பதால் அங்குள்ளவர்களுக்கு வேறொரு நேரம் பார்க்கத் தங்கை சம்மதித்திருக்கிறார். பெயர்களைச் செயலாளர் அக்காவிடம் கொடுங்கள்.